நாலு டொலர் சேர்வரின் கணக்கு

எங்கட வயதுப் பெடியங்கள் ஒன்லைனில் தொடங்கிப் பார்க்கும் முதல் வியாபாரங்களில் ஒன்று கேம் சேர்வர் ஹொஸ்டிங். தொடங்குவது மிகவும் லேசு. ஜேர்மனியிலோ சிங்கப்பூரிலோ இருக்கிற டேட்டா சென்டர் ஒன்றில் மாத வாடகைக்கு ஒரு மெஷின் எடுக்க வேண்டும். அதில் டெரோடாக்டில் என்ற இலவச மென்பொருளை நிறுவ வேண்டும். ஒரு டிஸ்கோர்ட் குழு, ஒரு லோகோ, ஒரு பெயர். ஒரு சனி ஞாயிறுக்குள் கடை திறந்துவிடலாம். மைன்கிராப்ட் விளையாடுகிற பிள்ளைகள் வந்து, தங்களுக்கும் கூட்டாளிமாருக்கும் என்று ஒரு உலகத்தை மாத வாடகைக்கு எடுப்பார்கள்.

அடுத்தது விலை. இதில் கனபேர் செய்வது ஒரே வேலைதான். மற்றக் கடைகளில் என்ன விலை போட்டிருக்கிறார்கள் என்று பார்த்து, அதிலிருந்து 50 சதம் குறைத்துப் போடுவது. "நாங்கள் புதுசு தானே, முதல்ல ஆக்கள் வரட்டும், பிறகு கூட்டலாம்" என்பது அதற்கான விளக்கம்.

இப்படிப் போடுகிற விலைதான் சிறிய ஹொஸ்டிங் கடைகளைக் கொல்கிறது என்பது என் கருத்து. கடை சாவதோடு முடிந்தால் பரவாயில்லை. அதை நம்பி ஆறு மாதமாக ஒரு ஊரையே கட்டி வைத்திருக்கிற பதின்மூன்று வயதுப் பிள்ளையின் உலகமும் சேர்ந்து போய்விடுகிறது. ஆகவே விலை கடைக்காரரின் சொந்தப் பிரச்சினை மட்டுமில்லை. அது வாங்குகிறவருக்குக் கொடுக்கிற ஒரு வாக்கு. காப்பாற்ற முடியாத விலை என்றால் காப்பாற்ற முடியாத வாக்கு என்றுதான் அர்த்தம்.

கணக்கைப் போட்டுப் பார்ப்பம்

இந்தச் சந்தையில் அடிக்கடி காதில் விழுகிற விலை "ஒரு ஜிபி ரேம் ஒரு டொலர்". கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. இப்ப ஒரு உதாரணக் கணக்கு. 64 ஜிபி ரேம் உள்ள மெஷின் ஒன்றை மாதம் 60 டொலருக்கு வாடகைக்கு எடுத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுவம். இயங்குதளத்துக்கும் மற்ற வேலைகளுக்கும் 8 ஜிபியை ஒதுக்கினால் மிச்சம் 56. நாலு ஜிபி பிளானாகப் பிரித்தால் 14 பேருக்கு விற்கலாம்.

பதினாலும் விற்றுத் தீர்ந்தாலும் வருமானம் 56 டொலர். வாடகை 60.

அதாவது கடை நிறைந்திருக்கிற நாளிலேயே நட்டம். இன்னும் காசு வாங்குகிற செலவைச் சேர்க்கவில்லை. அமெரிக்காவில் ஸ்ட்ரைப் நிறுவனத்தின் வழமையான கட்டணம் ஒரு கொடுப்பனவுக்கு 2.9 வீதமும் 30 சதமும். நாலு டொலரில் ஏறத்தாழ 42 சதம் அதற்கே போய்விடும். ஒரு டொலர் பிளான் போட்டால் மூன்றில் ஒரு பங்கு கையில் வராது. சின்ன விலைக்குப் பெரிய எதிரி அந்த 30 சதம்தான்.

கடை எப்போதும் நிறைந்திருக்கவும் போவதில்லை. மைன்கிராப்ட் ஆசை இரண்டு கிழமைதான் இருக்கும் என்று விளையாடுகிறவர்களே தங்களைப் பகிடி பண்ணுவார்கள். விடுமுறையில் வாங்குவார்கள், சோதனை வந்தால் விட்டுவிடுவார்கள். ஆகவே 14 இடத்தில் 9 இடம் நிரம்பியிருக்கும் என்று எடுப்பது நிதானமான கணக்கு. வாடகை 60, வேறோர் இடத்தில் பேக்கப் வைக்க 10, பில் போடுகிற மென்பொருள், டொமைன், மற்றச் சில்லறைச் செலவுகள் 15 என்றால் மாதம் 85 டொலர். ஒன்பது பேருக்குப் பிரித்துக் கொடுப்பனவுக் கட்டணத்தையும் சேர்த்தால் ஒருவருக்குப் பத்து டொலர் வருகிறது. நாலு இல்லை, பத்து. அதுவும் லாபம் ஒரு சதம் கூட இல்லாமல்.

பன்னிரண்டு டொலருக்கு விற்றால் மாதம் 17 டொலர் மிஞ்சும். ஒன்பது வாடிக்கையாளருக்குத் தலைக்கு அரை மணித்தியாலம், மென்பொருள் புதுப்பிக்க இன்னும் கொஞ்சம் என்று எப்படியும் மாதம் பத்து மணித்தியாலம் செலவாகும். மணிக்கு 1 டொலர் 70 சதம். டொலர் 300 ரூபாய் என்றால் ஏறத்தாழ 500 ரூபாய். உங்கள் உழைப்பின் விலை அதுதான். நாலு டொலருக்கு விற்கிறவர் தன் உழைப்பைச் சும்மா கொடுப்பதோடு நிற்கவில்லை, கைக்காசையும் போட்டுக் கொடுக்கிறார்.

அப்ப அவை எப்பிடிச் சமாளிக்கினம்?

பதில் லேசு. 14 பேருக்குக் காணும் மெஷினை 28 பேருக்கு விற்கிறார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் வரமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் செய்வது. சீட் எத்தனை என்று பார்க்காமல் டிக்கெட் கிழிக்கிற பஸ் மாதிரி. காலமை பத்து மணிக்குப் பிரச்சினை இல்லை, பஸ் காலியாகத்தான் ஓடும். பள்ளிக்கூடம் விடுகிற நேரம் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

ஓரளவுக்கு இது எல்லா ஹொஸ்டிங் கொம்பனியும் செய்வதுதான். வலைத்தளங்களுக்கு இது சரிவரும், ஏனென்றால் பெரும்பாலான தளங்கள் பெரும்பாலான நேரம் சும்மா இருக்கும். கேம் சேர்வர் அப்படியில்லை. வெள்ளி இரவும் சனிக்கிழமையும் எல்லாப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில்தான் வருவார்கள். மைன்கிராப்டின் ஜாவா பதிப்பு ஒருதரம் எடுத்த ரேமை இலகுவில் திருப்பித் தருவதுமில்லை.

ரேமை வைத்து விலை சொல்வதே அரைகுறை உண்மைதான். மைன்கிராப்ட் சேர்வர் தன் உலகத்தை ஒரு செக்கனுக்கு 20 தடவை கணக்கிட்டு முன்னே நகர்த்துகிறது. ஒவ்வொரு தடவைக்கும் 50 மில்லிசெக்கன் மட்டுமே. அதற்குள் மிருகங்கள் நடக்க வேண்டும், தண்ணீர் ஓட வேண்டும், பயிர் வளர வேண்டும். இந்த வேலையின் பெரும்பகுதி புரொசசரின் ஒரே ஒரு கோரில்தான் ஓடுகிறது. அந்த கோர் மெதுவானதாக இருந்தால், இல்லாட்டி அதை நாலு சேர்வர்கள் பங்குபோட்டால், 50 மில்லிசெக்கனுக்குள் வேலை முடியாது. கதவைத் திறந்தால் மூன்று செக்கன் கழித்துத் திறக்கும். உடைத்த கல் திரும்ப வந்து நிற்கும். அப்போது பிள்ளை கேட்பது, "அண்ணை, லாக் அடிக்குது, ரேம் கூட்டினால் சரியாகுமா?" என்று. கனகடைகளில் வருகிற பதில், "ஓம், 8 ஜிபி பிளானுக்கு மாறுங்கோ". பிரச்சினை ரேமில் இல்லை என்று விற்கிறவருக்குத் தெரியும். இதை நான் வியாபாரத் தந்திரம் என்று சொல்ல மாட்டேன். பொய் என்றே சொல்வேன்.

"வரம்பில்லாத சேமிப்பு", "20 டொலருக்கு ஆயுட்கால சேர்வர்" என்பவையும் இதே வகைதான். ஆயுட்காலத்துக்கென்று ஒருதரம் காசு வாங்கிய கடை, டேட்டா சென்டருக்கு மாதாமாதம் வாடகை கட்டத்தானே வேண்டும்? பழைய ஆளின் வாடகையைப் புது ஆளின் காசில் கட்ட வேண்டும். புது ஆட்கள் வருவது நின்ற மாதம் எல்லாருடைய ஆயுளும் முடிந்துவிடும்.

விலைக்குள் இருக்க வேண்டிய ஆபத்துகள்

ரேமும் புரொசசரும் கண்ணுக்குத் தெரிகிற செலவுகள். தெரியாதவை மூன்று. மூன்றுமே உண்மையில் நடந்தவை.

முதலாவது தாக்குதல். 2016இல் உலகத்தையே ஆட்டிய மிராய் என்ற பொட்நெட் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். கடவுச்சொல் மாற்றாத கமராக்களையும் ரவுட்டர்களையும் இலட்சக்கணக்கில் பிடித்து, அவற்றைக் கொண்டு சேர்வர்களை மூழ்கடித்த மென்பொருள். அந்த ஆண்டு செப்டெம்பரில் பிரான்சின் ஓவிஎச் நிறுவனம் அதனிடம் அடி வாங்கியது. அதன் நிரல் பொதுவெளியில் விடப்பட்ட பிறகு, ஒக்டோபர் 21ஆம் திகதி டைன் நிறுவனம் தாக்கப்பட்டு, டுவிட்டரும் நெட்பிளிக்சும் பலருக்கு வேலை செய்யாமல் போயின. அதை எழுதியது ஏதோ ஒரு நாட்டின் உளவுப்படை என்று பலர் நினைத்தார்கள். 2017 டிசெம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டு வெளியே தெரிந்தவர்கள் மூன்று அமெரிக்க இளைஞர்கள். அதன் வேர் மைன்கிராப்ட் சேர்வர் வியாபாரத்தில் இருந்தது. போட்டிக் கடையின் சேர்வரை விழுத்தினால் விளையாடுகிறவர்கள் இடம் மாறுவார்கள், பாதுகாப்பும் விற்கலாம். எங்கட சின்னத் தொழிலின் போட்டி எவ்வளவு அசிங்கமாகப் போகக்கூடும் என்பதற்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை. தாக்குதல் பாதுகாப்பு இல்லாத மெஷின் மலிவாகக் கிடைக்கும். கோபம் பிடித்த ஒரு விளையாட்டுக்காரர் போதும், அதை விழுத்த.

இரண்டாவது நெருப்பு. 2021 மார்ச் 10ஆம் திகதி பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் அதே ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் ஒன்று எரிந்து போனது. ரஸ்ட் என்ற விளையாட்டை நடத்துகிற பேஸ்பஞ்ச் நிறுவனத்தின் ஐரோப்பிய சேர்வர்கள் 25 அதில் அழிந்தன. தரவை மீட்க முடியாது என்று அந்த நிறுவனம் அறிவித்தது. பெரிய கொம்பனிக்கே அந்த நிலை. உங்கள் பேக்கப் அதே மெஷினின் இன்னொரு ஃபோல்டரில் இருந்தால் அதற்குப் பேர் பேக்கப் இல்லை. வேறு கட்டடத்தில், முடிந்தால் வேறு நாட்டில் இருக்க வேண்டும். அதற்குக் காசு வேண்டும்.

மூன்றாவது மென்பொருள் ஓட்டை. 2021 டிசெம்பரில் லொக்4ஷெல் என்ற ஓட்டை வெளியே வந்தபோது முதலில் அடிபட்ட இடங்களில் ஒன்று மைன்கிராப்ட். சட்டில் ஒரு வரியை ஒட்டினாலே போதும், ஓட்டையுள்ள சேர்வரைப் பிடித்துவிடலாம். அந்த நாட்களில் சேர்வர் நடத்தியவர்கள் எல்லாருடைய சேர்வரையும் ஒவ்வொன்றாகப் பார்த்துப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. அந்த இராத்திரி வேலைக்கு நாலு டொலர் பிளானில் இடம் எங்கே இருக்கிறது? செய்கிறவருக்கு அடுத்த கிழமை உயர்தரப் பரீட்சை என்றால் யார் செய்வது?

இலங்கையில் இருந்து நடத்தினால்

எங்களுக்கு இதற்கு மேலேயும் ஒரு கணக்கு இருக்கிறது. செலவு டொலரில், வரவு ரூபாயில். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்தது. மே மாதத்தில் 360 அளவில் நின்றது. 1600 ரூபாய்க்கு விற்ற பிளான் ஒன்று எட்டு டொலரில் இருந்து நாலரை டொலருக்கு இறங்கியது, கடைக்காரர் ஒரு விலையையும் மாற்றாமலே. ஒரு வருடக் காசை முன்கூட்டியே ரூபாயில் வாங்கியிருந்தவர் என்ன பாடு பட்டிருப்பார் என்று யோசியுங்கோ. அந்த மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. சேர்வர் சிங்கப்பூரில் ஓடிக்கொண்டிருக்கும், அதைப் பார்க்க வேண்டிய ஆள் இருட்டில் இருப்பார்.

காசு வாங்குவதும் சிக்கல். ஸ்ட்ரைப் இலங்கையில் இல்லை. வாங்குகிற பிள்ளைகளிடம் கார்ட் இல்லை. அப்பாவின் கார்டில் சொல்லாமல் வாங்கினால், அப்பா வங்கியில் முறையிட்டுக் காசைத் திருப்பி எடுப்பார், தண்டப்பணம் கடைக்காரர் தலையில்.

ஆனால் எங்கள் கையில் இருக்கிற பலமும் இதே இடத்தில்தான் இருக்கிறது. வங்கி வைப்பிலோ ஈசி கேஷிலோ காசு வாங்க வெளிநாட்டுக் கொம்பனி வரப்போவதில்லை. பிள்ளைக்கு விளங்குகிற தமிழில், எங்கட நேரத்தில் பதில் சொல்லவும் வராது. தூரத்தையும் பாருங்கள். கண்ணாடி இழையில் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீற்றர்தான் போகும். கொழும்பில் இருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் ஏறத்தாழ 2,700 கிலோமீற்றர், போய்வரக் குறைந்தது 27 மில்லிசெக்கன். ஜேர்மனியின் பிராங்பேர்ட் 8,000 கிலோமீற்றர், குறைந்தது 80. கேபிள் வளைந்து போவதால் உண்மையில் இதைவிடக் கூடத்தான் வரும். ஜேர்மனியில் மெஷின் மலிவு என்று அங்கே எடுத்துவிட்டு, இங்குள்ள பிள்ளைக்கு "லோ பிங்" என்று விற்க முடியாது. எங்கள் பிள்ளைகளுக்கு எது கிட்ட என்று தெரிந்து சேர்வர் வைப்பதும், அவர்களுடன் நின்று பதில் சொல்வதும்தான் எங்கள் சரக்கு. ஜிபி எல்லாரிடமும் கிடைக்கும். அதில் மலிவுப் போட்டி போட்டால் பெரிய கொம்பனி எப்போதும் வெல்லும். எங்கள் விலையை இந்தச் சரக்குக்குத்தான் போட வேண்டும்.

"எங்கட பிள்ளையளிட்ட அவ்வளவு காசில்லை"

இது நியாயமான மறுப்பு. பன்னிரண்டு டொலர் என்றால் 3,600 ரூபாய். ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைக்கு அது பெரிய காசு. அதனால்தான் விலையைக் குறைக்கிறோம் என்று சொல்பவர்கள் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. பலர் நல்ல மனதோடுதான் செய்கிறார்கள்.

ஆனால் காசில்லாதவருக்கு உதவ வேறு வழிகள் இருக்கின்றன. ஏடெர்னோஸ் என்ற ஜேர்மன் சேவை மைன்கிராப்ட் சேர்வரை இலவசமாகவே தருகிறது. விளம்பரத்தில் காசு பார்க்கிறது, ஆட்கள் விளையாடாத நேரம் சேர்வரை நிறுத்திவிடுகிறது. குறைபாடு வெளிப்படையாக இருக்கிறது, வருகிறவர் தெரிந்தே வருகிறார். நாங்களும் அப்படிச் செய்யலாம். பின்னேரம் நாலு மணி முதல் இரவு பதினொன்று வரை மட்டும் ஓடுகிற சேர்வரைக் குறைந்த விலைக்குக் கொடுக்கலாம். சோதனைக் காலத்தில் உலகத்தை மூடி வைத்து, வாடகை இல்லாமல் காத்து வைக்கலாம். பத்துக் கூட்டாளிமார் சேர்ந்து வாடகையைப் பங்கு போட வசதி செய்யலாம். அப்போது தலைக்கு 360 ரூபாய். சின்னப் பிளானைச் சின்னது என்று சொல்லி விற்பதில் ஒரு வெட்கமும் இல்லை. சின்னதைப் பெரிசு என்று சொல்லி விற்பதுதான் பிழை.

செய்யக்கூடியவை

கடை நடத்துகிறவர்களுக்கு நான் கேட்பது இவ்வளவுதான். கடை அறுபது வீதம் நிரம்பியிருக்கும் என்று வைத்து விலையைப் போடுங்கள். புரொசசர் என்ன மாதிரி, ஒரு மெஷினில் எத்தனை சேர்வர் ஓடுகிறது என்று எழுதி வையுங்கள். வருடக் காசு வாங்காதீர்கள், மாதாமாதம் வாங்குங்கள். டொலர் ஏறினால் விலை எப்படி மாறும் என்று முதலிலேயே சொல்லுங்கள். எந்த நேரத்தில் பதில் சொல்வீர்கள் என்று எழுதுங்கள். 24 மணித்தியாலமும் என்று எழுதாதீர்கள், நித்திரை கொள்ளத்தானே வேண்டும். பேக்கப் வேறு இடத்தில் இருக்கட்டும். மாதம் ஒருதரம் அதில் ஒன்றை எடுத்துத் திறந்தும் பாருங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது மூடுகிற விதம். பல்கலைக்கழகம் கிடைக்கும், வேலை கிடைக்கும், வெளிநாடு போவீர்கள், இல்லாட்டி அலுத்துவிடும். சின்னக் கடைகள் மூடுவது வழமை. அதை முதல் நாளே எழுதி வையுங்கள்: மூடுவதென்றால் 30 நாளுக்கு முன் அறிவிப்போம், ஒவ்வொருவரும் தங்கள் உலகத்தை இறக்கி எடுக்கலாம் என்று. அந்த ஒரு மாத வாடகையை இப்போதே ஒரு பக்கத்தில் சேமித்து வையுங்கள். அது கையில் இல்லாதவர் புது வாடிக்கையாளரை எடுக்கக் கூடாது.

வாங்குகிறவர்களுக்கும் ஒரு சொல். காசு கட்ட முன் மூன்று கேள்வி கேளுங்கள். பேக்கப் எங்கே இருக்கிறது? என்ர உலகத்தை நானே இறக்கி எடுக்க ஏலுமா? நீங்கள் கடையை மூடினால் என்ன நடக்கும்? பதில் சொல்லத் தயங்குகிற கடை எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். இப்போதே சேர்வர் வைத்திருந்தால், இன்றைக்கு உங்கள் உலகத்தின் ஒரு பிரதியை வீட்டுக் கணினியில் இறக்கி வையுங்கள். அதற்கு ஒரு டொலரும் தேவையில்லை.